பாகு டார்ட்: நம் சகோதரிகளுக்கு ஒரு கைத்தொழில்

(முகத்துவாரக்குப்பத்தில் நம் அறக்கட்டளையின் மகளிர் பேக்கிங் பயிற்சி தொடங்கிய அன்று செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற வாரம் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "செயலாளரே, வெள்ளைக்காரன் பலகாரத்துக்கு ஜமாஅத் காசா?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. கணக்குக் கேட்கிறவர்கள் இருப்பதால்தான் அறக்கட்டளை ஒழுங்காக நடக்கிறது. அவருக்கு அங்கேயே பாதி பதில் சொன்னேன். மீதியை எல்லோருக்கும் சேர்த்து இன்று சொல்கிறேன்.

முதலில் காசு விஷயம். இந்தப் பயிற்சிக்கு ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்று மார்க்கம் வகுத்திருக்கிறது. அதை மாவு வாங்கவும் அடுப்பு வாங்கவும் நாம் திருப்பிவிட முடியாது. பொருள்கள் சதகா நிதியில் வாங்கியவை. இரண்டு மின் அடுப்புகளும் வட்டியில்லாக் கடனாகத் தரப்படுகின்றன. எடுப்பவர்கள் மாதத் தவணையில் திருப்புவார்கள், அது அடுத்தவருக்குப் போகும்.

அடுத்து, ஏன் இந்தப் பயிற்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி முகத்துவாரம் வரை வந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. படகிலும் வலையிலும் படிந்த கறுப்பைத் தேய்த்த கைகள் இந்தச் சபையிலேயே இருக்கின்றன. அந்த மாதங்களில் எண்ணூர் மீன் என்றாலே சந்தையில் வாங்குபவர் முகம் சுளித்தார். மீன் பிடிப்பவர், விற்பவர், ஐஸ் உடைப்பவர், வண்டி ஓட்டுபவர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருமானம் நின்றது. நாம் அரிசியும் பருப்பும் கொடுத்தோம், அல்ஹம்துலில்லாஹ். வாங்க வந்த ஒரு சகோதரி என்னிடம், "பாய், மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போறேன், ஆனா எனக்கு ஒரு வேலை காட்டுங்க" என்றார். அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை.

அந்தச் சொல் என்னை உறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 12 வருடத்துக்கு முன் இதே போல ஒரு விழா நடத்தி 20 தையல் மெஷின்கள் கொடுத்தோம். பட்டியல் போட்டவன் நான்தான். யார் தைக்கக் கொடுப்பார்கள், என்ன கூலி கிடைக்கும், ரெடிமேட் துணி வரும் காலத்தில் ரவிக்கை ஒன்றை நம்பி வீடு நடக்குமா என்று ஒரு கேள்வியும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் கழித்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது பெரும்பாலான மெஷின்கள் மேல் துணி மடித்து வைத்திருந்தார்கள். மூன்று பேர் விற்றுவிட்டார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. குறை என்மேல். இந்த முறை முதலில் வாங்குபவரைத் தேடிவிட்டு, பிறகுதான் பொருளைத் தேடினோம்.

கேக் கற்றுக்கொடுக்கலாமே என்றார்கள். இன்று தெருவுக்கு இரண்டு பேர் கேக் போடுகிறார்கள். அதற்கு கிரீம் வேண்டும், ஃபிரிட்ஜ் வேண்டும், நம் கடற்கரை வெயிலில் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் பூ உருகிவிடும். யாரும் விற்காத, ஃபிரிட்ஜ் இல்லாமல் மூன்று நாள் தாங்கும், முட்டை கட்டாயம் இல்லாத ஒன்றைத் தேடியபோது எனக்கு ஞாபகம் வந்தது ராயபுரத்தில் சிறு வயதில் தின்ற ஒரு பலகாரம்.

அத்தாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை. ராயபுரத்தில் வாடகை வீடு. 1856ல் திறந்த அந்தப் பழைய ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் அப்போது ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. சட்டைக்காரர் வீடு என்று சொல்வோம். எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி கிறிஸ்துமஸ் சமயத்தில் பலகாரம் கொடுத்தனுப்புவார். முதல் வருடம் வந்த தட்டை அம்மா வாங்கி வைத்துக்கொண்டு தயங்கினார். இங்கிலீஷ் பலகாரத்தின் மேலோட்டு மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது பொய்யும் இல்லை. அந்த நாட்டில் அது பழைய வழக்கம்தான். அம்மா கூச்சத்தோடு போய்க் கேட்டார். ஆன்ட்டி கோபப்படவில்லை. "உங்க வீட்டுத் தட்டுக்கு வெண்ணெய் மட்டும்தான். தட்டும் வேற, சிவப்பு நூல் கட்டியிருக்கேன் பாருங்க" என்றார். அடுப்பிலும் நம் தட்டைத்தான் முதலில் வைப்பாராம். நாம் கேட்பதற்கு முன்பே, நமக்காக, நம் மார்க்கம் தெரிந்து செய்திருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் சிவப்பு நூல் கட்டிய தட்டு வந்தது. ஒரு நாள் அம்மா அவர் அடுப்படியிலேயே நின்று செய்முறையைக் கற்றுக்கொண்டார். பிறகு அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. பலகாரம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அதன் பெயர் ட்ரீக்கிள் டார்ட். அம்மா வைத்த பெயர் பாகு டார்ட்.

அது என்ன என்று கேட்டால், பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வெண்ணெய் பிசைந்த மைதாவில் ஒரு கிண்ணம். அதற்குள் சர்க்கரைப் பாகு, ரொட்டித் தூள், எலுமிச்சை. சுட்டு எடுத்தால் ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெதுவாகவும் இருக்கும். இங்கிலாந்தில் இது ஏழை வீட்டுப் பண்டம். மிஞ்சிப்போன ரொட்டியையும் மலிவான பாகையும் வைத்துச் செய்தது.

அந்தப் பாகின் கதை நம் ஊருக்குப் பொருத்தமானது. லண்டனின் கிழக்குக் கோடியில், தேம்ஸ் ஆற்றங்கரையில், துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த பகுதியில், ஆப்ரம் லைல் என்பவர் 1880களின் தொடக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலை வைத்தார். சர்க்கரையைச் சுத்திகரிக்கும்போது கடைசியில் ஒரு பாகு மிஞ்சும். அதைப் பதப்படுத்தி, முதலில் ஆலைத் தொழிலாளிகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் மரப்பீப்பாயிலிருந்து ஊற்றி விற்றார்கள். அதுதான் கோல்டன் சிரப். பிறகு பச்சையும் பொன்னிறமுமான தகர டப்பாவில் உலகமெல்லாம் போனது. துறைமுகத்து ஏழைகள் ஆலையில் மிஞ்சியதை வாங்கித் தின்ற பண்டம். எண்ணூர்க்காரர்களுக்கு அது விளங்காதா?

இன்னொரு சங்கதி, மதரஸாவில் ஓதியவர்கள் ரசிப்பார்கள். ட்ரீக்கிள் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அகராதியைப் புரட்டினேன். கிரேக்க மொழியில் விஷ ஜந்துக்களின் கடிக்குக் கொடுத்த மருந்துக்கு தேரியாக்கே என்று பெயர். அது லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ட்ரீக்கிள் ஆனது. மருந்தைத் தேனிலும் பாகிலும் குழைத்துக் கொடுத்ததால், காலப்போக்கில் மருந்து மறந்து பாகுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதே கிரேக்கச் சொல்தான் அரபியில் திர்யாக். அஜ்வா பேரீச்சம்பழத்தைப் பற்றிய ஹதீஸில் நாம் ஓதிய அதே திர்யாக்! இப்னு ருஷ்து இந்த மருந்தைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதியிருக்கிறார். யூனானி வைத்தியரிடம் கேட்டால் இன்றும் சொல்வார். ஆக, கையைப் பிடித்து நிறுத்திய பெரியவருக்கு மீதி பதில் இது: நாம் நோன்பு திறக்கும் சமோசா பாரசீகத்திலிருந்து வந்தது, அல்வா அரபுச் சொல், பாவ் ரொட்டி போர்ச்சுகீசியர் தந்தது. பண்டத்துக்குப் பாஸ்போர்ட் பார்த்தால் நம் தஸ்தர்கானில் ஒன்றும் மிஞ்சாது. பார்க்க வேண்டியது உள்ளே என்ன சேர்கிறது என்பதைத்தான்.

அதை இப்போது பார்ப்போம். இந்த டார்ட்டில் மதுவும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் மின்ஸ் பை என்ற இன்னொன்று உண்டு. அதில் மாட்டுக் கொழுப்பும் பிராந்தியும் சேர்ப்பது பழைய வழக்கம். அதை நாம் தொடப்போவதில்லை. எசன்ஸ் பாட்டில் எதுவும் இதற்குத் தேவையில்லை. வேறு பலகாரத்துக்கு வாங்குவதாக இருந்தால் லேபிளில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சைப் புள்ளி இருந்தால் மிருகக் கொழுப்பு இல்லை என்று அர்த்தம். மது இல்லை என்று அர்த்தம் அல்ல. இந்த வித்தியாசம் நம்மில் பலருக்குத் தெரியாது. மார்ஜரின் வாங்கினாலும் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள். வெண்ணெய்க்கு அந்தத் தொல்லையே இல்லை.

இனி செய்முறை. பயிற்சியில் கையால் செய்து பார்ப்பீர்கள். வர முடியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டு அங்குலத் தட்டுக்கு 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, மூன்று நான்கு கரண்டி ஐஸ் தண்ணீர். வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். விரல் நுனியால் மைதாவோடு உதிர்க்க வேண்டும், ரவை மாதிரி ஆகும் வரை. சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் கெட்டது. ஓடு தோல் மாதிரி ஆகிவிடும். நம் சகோதரிகளுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் பரோட்டாவுக்குப் பிசைந்து பழகிய கை. இங்கே கை சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் வெண்ணெய் விரலிலேயே உருகிவிடும். அதனால் ஃபஜ்ர் முடிந்த கையோடு மாவை உதிர்த்து, உருண்டை பிடித்து, அரை மணி நேரம் குளிர்ச்சியில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மீனுக்கு வைத்திருக்கும் ஐஸ் பெட்டி இருக்கிறதே என்று ஒரு சகோதரி கேட்டார். மாவுக்கென்று புதிதாக ஒரு பெட்டி வாங்குங்கள். மீன் வாசம் போகாது.

கோல்டன் சிரப் டப்பா இங்கே பெரிய கடைகளில்தான் கிடைக்கும், விலையும் கட்டாது. வீட்டிலேயே காய்ச்சலாம். 75 கிராம் சர்க்கரையை இரண்டு கரண்டி தண்ணீரில் தேன் நிறம் வரும் வரை காய்ச்சி, அடுப்பை அணைத்து, 200 மில்லி வெந்நீரை மெதுவாக ஊற்றுங்கள். பொங்கித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 325 கிராம் சர்க்கரை, ஒரு துண்டு எலுமிச்சை. சிறு தீயில் அரை மணிக்கு மேல் கிண்டாமல் விடுங்கள். ஒரு கம்பிப் பதம் வந்தால் இறக்கலாம். எலுமிச்சையின் புளிப்புதான் சர்க்கரை மறுபடி பூத்துப் போகாமல் காக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு டார்ட்டுக்கு வேண்டிய 400 கிராம் பாகு கிடைத்துக் கொஞ்சம் மிஞ்சும். அம்மா பனைவெல்லத்தில் செய்வார். வெல்லத்தைக் கரைத்து மணல் போக வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். நிறம் கறுக்கும், மணம் வேறு. இலங்கையில் கித்துள் பனையின் பாகுக்கு ஆங்கிலத்தில் ட்ரீக்கிள் என்றே பெயர். என் நாக்குக்குப் பனைவெல்லம்தான் ஒரு படி மேல், ஆனால் வாங்குபவர் நாக்கு எது கேட்கிறதோ அதைச் செய்யுங்கள்.

ரொட்டித் தூள் 150 கிராம். கடையில் விற்கும் காய்ந்த தூள் வேண்டாம், அது பாகை எல்லாம் குடித்துவிட்டுக் கல்லாகும். ஒரு நாள் பழைய ரொட்டியைக் கையால் உதிர்த்தால் போதும். நம் கல்யாண வீடுகளில் பிரியாணிக்குத் துணையாக பிரெட் அல்வா கிண்டும்போது சில சமையல்காரர்கள் ஓரங்களை வெட்டி ஒதுக்கிவிடுவார்கள். கூடை கூடையாகக் கோழிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். சொல்லி வைத்தால் அன்றே வாங்கி வரலாம். அன்றே என்பதை மறக்காதீர்கள். நம் கடற்காற்று ஈரத்தில் மூன்றாம் நாள் ரொட்டியில் பூசணம் கட்டும். பூசணம் கட்டியதைத் தட்டிவிட்டுச் சேர்ப்பது விரயத்தைத் தடுப்பது அல்ல, துரோகம்.

பாகைச் சூடாக்கி, தூளையும் ஒரு பழத்தின் சாறையும், தோலின் பச்சை மஞ்சள் பகுதியை மட்டும் துருவியதையும் கலந்து பத்து நிமிடம் ஊற விடுங்கள். வெள்ளைத் தோல் கலந்தால் கசக்கும். மாவைத் தேய்த்துத் தட்டில் படிய வைத்து, மேலே காகிதம் விரித்துக் காய்ந்த மொச்சையைக் கொட்டி 190 டிகிரியில் 15 நிமிடம். மொச்சையின் கனம் மாவு உப்பாமல் பிடித்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம். பிறகு பாகை ஊற்றி 170 டிகிரியில் 25லிருந்து 30 நிமிடம். எடுக்கும்போது நடு கொஞ்சம் தளதளவென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும். சூட்டோடு வெட்டினால் ஒழுகிவிடும், நாக்கும் வெந்துவிடும்.

மின் அடுப்பு இல்லாமலும் முடியும். தம்ரூட் செய்த கைகள் நம் பாட்டிமார்களுடையவை. கீழே மெல்லிய தீ, மூடி மேல் கரி நெருப்பு. அந்த வித்தை தெரிந்தவர்கள் இங்கே நான்கைந்து பேர் இருக்கிறார்கள்; பயிற்சியில் அவர்கள்தான் ஆசிரியர்கள். மின் அடுப்பு எடுப்பவர்கள் முதலில் வீட்டு வயரிங்கைக் காட்டுங்கள். 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும், 15 ஆம்ப் பிளக் வேண்டும். நம் ஜமாஅத்தில் எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள், கூலி வாங்காமல் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்குக்கு வருவோம். வெண்ணெய் 60, மைதா 12, சர்க்கரை 20, ரொட்டி 20, எலுமிச்சை 5, கரண்டு 10, பெட்டி 15. மொத்தம் 142 ரூபாய். எட்டுத் துண்டாக வெட்டித் துண்டு 35க்குக் கொடுத்தால் 280. மிஞ்சுவது 138. இதை லாபம் என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு மணி நேர உழைப்பின் கூலி அது, பஸ் காசும் அதிலிருந்துதான். ஓசியில் மாமியார் வீட்டுக்கு ஒன்று, நாத்தனார் வீட்டுக்கு ஒன்று என்று ஆரம்பித்தால் அதுவும் போகும். ரொட்டி ஓரம் சும்மா கிடைக்கிற நாளில் 20 ரூபாய் மிச்சம். டீக்கடைக்கு 35 ரூபாய்ப் பண்டம் போகாது. சின்னக் கிண்ணமாகச் செய்து 15க்குக் கொடுக்கலாம் என்று பார்க்கிறோம். ராயபுரம், பெரம்பூர்ப் பக்கம் இதன் ருசி தெரிந்த கிறிஸ்தவ வீடுகள் உண்டு. முட்டை இல்லை என்பதால் சவுகார்பேட்டை வீடுகளும் வாங்கும். ஹாரி பாட்டருக்கு இதுதான் பிடித்த இனிப்பு என்று என் மகள் சொல்கிறாள். பிள்ளைகளிடம் அதுவே விளம்பரம் என்கிறாள். எனக்கு அந்தப் பையனைத் தெரியாது.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் யாரும் விற்கக் கூடாது. சிறிய அளவில் விற்பவர்களுக்குக் கட்டணம் குறைவுதான். ஆதாரும் போட்டோவும் கொண்டு வாருங்கள், அலுவலகத்தில் தம்பிகள் ஆன்லைனில் பதிந்து தருவார்கள்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். பெட்டி மேல் எழுதுவது உள்ளே இருப்பதாக இருக்க வேண்டும். வீட்டில் காய்ச்சிய பாகுக்கு கோல்டன் சிரப் என்று எழுதாதீர்கள், சர்க்கரைப் பாகு என்று எழுதுங்கள். டால்டா கலந்தால் டால்டா என்று எழுதுங்கள், விலையைக் குறையுங்கள். முட்டை சேர்த்த தட்டையும் சேர்க்காத தட்டையும் ஒன்றாக அடுக்காதீர்கள். சைவம் சாப்பிடும் ஒரு வீட்டுக்கு நம் பெட்டி போகும்போது, அவர்கள் நம்மிடம் வந்து கேட்கக் கூச்சப்படுவார்கள். என் அம்மா கூச்சப்பட்டார். கேட்கும் முன்பே நாம் பதில் வைத்திருக்க வேண்டும். இதில் ஒருவர் தவறினாலும் அந்த அடுப்பை அறக்கட்டளை திரும்ப எடுத்துக்கொள்ளும். கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள். 14 பேர் சேர்ந்திருக்கிறீர்கள், ஒருவர் பெயர் கெட்டால் 14 பேர் வியாபாரமும் போகும். எண்ணூர் மீனுக்கு என்ன ஆனது என்று பார்த்தோம் அல்லவா, நம் தப்பே இல்லாமல்.

ஆறு மாதம் கழித்து நானே வீடு வீடாக வருவேன், இன்ஷா அல்லாஹ். அடுப்பு மேல் துணி மடித்து வைத்திருந்தால், அடுத்த பொதுக்குழுவில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி என்னைத்தான்.

நாளை வகுப்பு காலை 6 மணிக்கு. தட்டுகளும் மாவும் இங்கே இருக்கின்றன, ஏப்ரனும் மொச்சையும் மட்டும் கொண்டு வாருங்கள். 6 என்றால் 6. வெயில் ஏறிவிட்டால் வெண்ணெய் யாருக்காகவும் காத்திருக்காது.